கலாநிதிப் பட்டமும் கல்விக்கூடமும்

கிராமப் பாடசாலை ஒன்றின் அதிபராயுள்ள நண்பர் ஒருவர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்தார். கல்வித் தலைமைத்துவத்திலே கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்யப்போவதாகக் கூறி, தாம் தெரிந்தெடுத்த ஆய்வுப் பொருளையும் சொன்னார்: 'அதிபர்களின் தலைமைத்துவப் பாங்கும் ஆசிரியர் மனநிறைவும்.' இருநூறு ஆசிரியர்க்கு வினாக்கொத்து அனுப்பி, வந்த விடைகளைக் கணக்கிட்டால் ஆய்வேடு உருவாகிவிடும் என்பது அவர் எண்ணம். வாழ்த்தி அனுப்பினேன். எனினும், அப்பட்டத்தால் அவருடைய பாடசாலைக்கு விளையும் பயன் யாது என்னும் கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

அதிபரொருவர் மேற்படிப்பை நாடுவது போற்றத்தக்கதே. நல்லாசிரியர் எல்லோரும் நல்லதிபர் ஆகிவிடுவதில்லை. நேரசூசி வகுத்தல், புதிய ஆசிரியரைப் பழக்குதல், பெற்றோரை அணைத்துச் செல்லுதல், உள்ள பணத்தை உரிய இடத்திற் செலவிடுதல் ஆகிய யாவும் கற்றுத் தேறவேண்டிய கலைகள். அவற்றுக்கு ஏற்ற ஆராய்ச்சி எது என்பதே வினா.

இவ்வினா புதியதன்று. அமெரிக்காவிலே ஹாவாட் பல்கலைக் கழகம் 1920ஆம் ஆண்டிற் கல்விக்கெனத் தனிப் பீடம் அமைத்தபோது, கல்வித் தொழிலில் ஈடுபட்டோர்க்கெனக் கல்விக் கலாநிதி என்றொரு பட்டத்தை ஏற்படுத்திற்று. காலப்போக்கில் அத்தகைய பட்டங்கள் பல இடங்களிலே தத்துவக் கலாநிதிப் பட்டத்தின் சாயலாகவே மாறின. 2005ஆம் ஆண்டில், கொலம்பியாவின் ரீச்சர்ஸ் கொலிஜ் தலைவராயிருந்த ஆதர் லெவின், பாடசாலைத் தலைவர்களுக்கு இப்பட்டம் வேண்டியதில்லை, ஒழித்துவிடலாம் என்றே எழுதினார். 2007இல் கார்னகி நிறுவனத்தின் ஆதரவிலே பல பல்கலைக் கழகங்கள் ஒன்றுகூடி, தொழிலில் எதிர்ப்படும் உண்மையான சிக்கல்களை ஆராய்வதாக இப்பட்டத்தைத் திருத்தியமைக்க முற்பட்டன. ஹாவாட்டும் 2010இல் தொடங்கிய புதிய மூன்றாண்டுப் பயிற்சியின் இறுதியாண்டைக் கல்விப் பணியிலுள்ள நிறுவனமொன்றிற் கடமையாற்றுவதற்கே ஒதுக்கிற்று.

லெவின் கூறியவாறு ஒழித்துவிடுக என்று நான் சொல்லமாட்டேன். ஆய்வுப் பொருளைத் தம் பாடசாலைக்குள்ளேயே தேடுக என்பேன். மூன்றாந் தரத்துக்கு வந்தும் வாசிக்க இயலாத பிள்ளைகள் எத்தனை பேர்? ஏன்? காலையில் அரைமணி நேரத்தை வாசிப்புக்கென ஒதுக்கினால் ஓராண்டில் என்ன மாறும்? வெளியிலிருந்து வரும் ஆராய்ச்சியாளர் குறையைக் கண்டு எழுதலாம். மாற்றிப் பார்க்கும் உரிமை அதிபருக்கே உண்டு.

தம் கீழுள்ள ஆசிரியரை அதிபரே வினவினால் உண்மை வெளிவருமா என்று சிலர் கேட்பர். வருவது அரிது. ஆகையால், பிள்ளைகளைச் சோதிப்பவர் வேற்றுப் பாடசாலை ஆசிரியராய் இருத்தல் வேண்டும். வழிகாட்டும் பேராசிரியரும் ஆண்டுக்குச் சிலமுறையேனும் அங்கு நேரிற் சென்று பார்த்தல் வேண்டும்.

நண்பரை மறுபடி கண்டபோது இதனைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்படி எழுதினால் பாடசாலையின் குறையோடு என்னுடைய குறையும் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே, மாஸ்டர்" என்றார்.

அந்த அச்சம் எனக்கு விளங்குகிறது. குறைகளை மறைத்து அறிக்கை எழுதியே பழகிவிட்டோம். ஆயினும், குறையைக் கண்டு, திருத்த முயன்று, முயற்சி தோற்றால் அத்தோல்வியையும் ஒளியாது எழுதும் அதிபரே கலாநிதி என்னும் பெயருக்கு உரியவர். அத்தகைய ஆய்வேட்டை இரண்டாந்தரமாய் மதியாதிருப்பது பல்கலைக் கழகங்களின் கடமை.

நண்பர் இன்னும் விண்ணப்பத்தை அனுப்பவில்லை. மூன்றாந் தரத்துப் பிள்ளைகளை ஒவ்வொருவராய் அழைத்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பதாக அறிகிறேன்.