சுவரில் சிரிக்கும் சிவகாசி

புது வருஷம் பிறந்ததும் நம் வீட்டில் முதலில் நடப்பது என்ன? பழைய காலண்டர் ஆணியிலிருந்து இறங்கும், புதுசு ஏறும். இறங்கிய முருகனும் லக்ஷ்மியும் எங்கே போகிறார்கள்? அலமாரித் தட்டுக்கு விரிப்பாக, பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டையாக!

"சாமி படத்தைக் குப்பையிலே போடாதே தாயீ" என்பார் என் மாமியார். அவர் பக்தியால் சொன்னார். அதில் இன்னொரு நியாயமும் இருப்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

1930-களில் ஜப்பான் ரயில்வே, வெளிநாட்டுப் பயணிகளை அழைக்க வண்ண விளம்பரப் படங்களை அச்சிட்டது. சுவரில் ஒட்டிக் கிழிப்பதற்கென்றே பிறந்த படங்கள். இன்று அவற்றைக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டுகிறார்கள். நம் சிவகாசிக் காலண்டர் மட்டும் இளப்பமா என்ன?

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டுமே? அதற்காக வந்த அச்சகங்கள்தான் பிறகு காலண்டரும் அச்சிட்டன. இன்றும் ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு, அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை வெளியிடுகிறார்கள்.

படங்களை வரைந்தது யார்? பக்கத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டைய ராஜு (1898-1976) முக்கியமானவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குச் சீன் திரை எழுதியவர். நாம் கும்பிடும் மீனாட்சி கல்யாணத்திலும் லக்ஷ்மியிலும் அந்த நாடக மேடையின் தூண்களையும் திரைகளையும் பாருங்கள், தெரியும். சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம், சீனிவாசன் என்று அவருடைய சிஷ்யர்களும் வரைந்து குவித்தார்கள்.

இனி நான் செய்த அசட்டுத்தனத்தைச் சொல்லுகிறேன். மாமியார் பெட்டியில் ஒரு பழைய முருகன் படம் கிடைத்தது. "அண்ணாச்சி, நல்லா பிரேம் போட்டுக் குடுங்க" என்று ஒரு கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவரும் அழகாகத்தான் போட்டார். ஆனால் ஓரம் சுத்தமாக இருக்கட்டும் என்று அடியை வெட்டிவிட்டார்! ஓவியர் கையெழுத்து, அச்சகத்தின் பெயர், காலண்டர் கொடுத்த கடையின் பெயர் எல்லாம் போயே போச்சு. அந்தக் கடை மாமியாரின் அப்பா கணக்கு எழுதிய கடையாம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. படத்தின் அடியை விரலால் தடவிப் பார்த்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆகவே சகோதரிகளே, இவற்றைக் கவனியுங்கள்:

* எந்த ஓரத்தையும் வெட்ட வேண்டாம் என்று கடையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேலே கீழே உள்ள தகரப் பட்டி துருப்பிடித்துக் கறை ஏற்றும். அதை மட்டும் மெல்லப் பிரித்தெடுங்கள்.

* கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள். நாளடைவில் மஞ்சளாகிப் படத்தையும் கெடுக்கும்.

* படம் கண்ணாடியில் ஒட்டாமல் நடுவே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மழைக்கால ஈரத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

* வெயில் நேராக விழும் சுவரும், குளியலறையை ஒட்டிய ஈரச் சுவரும் ஆகாது. கரையான் வருகிறதா என்று மாதம் ஒருமுறை பின்பக்கம் பாருங்கள்.

* விளக்குப் புகை படாமல் சற்றுத் தள்ளி மாட்டுங்கள். குங்குமம் கண்ணாடி மேல் மட்டும், தாளில் வேண்டாம்.

* பிரேம் போட வசதியில்லையா? மடிக்காமல், வெள்ளைத் தாள்களுக்கு நடுவே படுக்கையாக வையுங்கள். பின்புறம் பென்சிலால் யார் வீட்டுப் படம், எந்த வருஷம் என்று எழுதுங்கள்.

விலை கொடுத்து வாங்கும் படம் எந்த வீட்டிலும் தொங்கும். பாட்டி காலத்து மளிகைக் கடைக் காலண்டர் உங்கள் வீட்டில் மட்டும்தானே இருக்கும்?

என்ன, பரணில் ஏறக் கிளம்பிவிட்டீர்களா? ஏணியை யாராவது பிடித்துக் கொள்ளட்டும்!