பத்தருக்குப் பூட்டிய கதவு

நகைத் தொழிலுக்கு வெளிநாட்டுக் கைவினைஞர்களை எடுக்கலாம் என்று 2023இல் கொடுத்த வாக்கை மலேசிய அரசாங்கம் 2024இல் திரும்பப் பெற்றது அநியாயம். முடிதிருத்தும் நிலையங்கள், ஜவுளிக் கடைகளோடு நகைப் பட்டறைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேர் என்று கணக்குப் போட்டபோதே கோளாறு தொடங்கிவிட்டது. பத்தரின் கைத்திறன் நம் மரபுச் சொத்து என்ற நினைப்பே அந்தக் கணக்கில் இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாணத் தமிழர் வீட்டுப் பொன்னுருக்கைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். நல்ல நேரம் பார்த்துப் பத்தர் வீட்டுக்கே வருவார். பெரியவர்கள் சுற்றி நிற்க, ஊதுகுழலை வாயில் வைத்துச் சீராக ஊதுவார். பொற்காசு ஓரத்தில் இளகி, நடுங்கி, ஒரே மணியாகத் திரளும். அந்தப் பொன்னில்தான் தாலி. நகரத்தார் கழுத்துருவுக்கு வேறு பழக்கமுள்ள கை வேண்டும், பொட்டுத்தாலிக்கு வேறு. எங்கள் குடும்பத்துத் தாலி இப்படித்தான் இருக்கும் என்று பாட்டி விரலால் வரைந்து காட்டுவதைப் பார்த்தே செய்துகொடுக்கும் ஆசாரியின் வேலையை வார்ப்பு இயந்திரம் செய்யாது.

வெளிநாட்டுக் கைவினைஞர்களை எடுக்க 2009இல் தடை போட்டார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளைப் பழக்குங்கள் என்றார்கள். நல்லது, பழக்கத்தான் வேண்டும். யார் பழக்குவது? வெண்காரம் எவ்வளவு தொட வேண்டும், பற்றுப்பொடி எந்தச் சூட்டில் ஓடும் என்பதெல்லாம் தொழில் தெரிந்தவர் பக்கத்தில் வருடக்கணக்கில் உட்கார்ந்தால்தான் கைக்கு வரும். கற்றுக்கொடுக்க வேண்டியவரையே வாசலில் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைக் கற்கச் சொல்வது என்ன நீதி?

சொல்லிவிட்டுப் பின்வாங்குவது அரசாங்கத்துக்குப் புதிதல்ல. உணவகங்களில் உள்நாட்டுச் சமையல்காரர்கள் மட்டுமே என்று 2018இல் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கினார்கள். மரபைக் காப்பதிலும் இதே கதைதான். தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இல் நிறைவேறியது. 2006 டிசம்பரில் ஜாலான் அம்பாங்கின் போக் மாளிகை தரைமட்டம். 2010இல் புடு சிறையின் மதிலும் போயிற்று. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர்கள் வாழ்ந்த நூறு வீடுகளும் போயின. கட்டடமாவது படத்தில் மிஞ்சும். கைத்திறன் எதில் மிஞ்சும்? அருவ மரபுக்கும் அதைச் சுமக்கும் மனிதருக்கும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. எடுத்துப் படித்துப் பார்த்தார்களா?

மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் தாலி செய்யத் தெரிந்த பத்தர்கள் எத்தனை பேர் என்று முதலில் வீதிக்கு இறங்கி எண்ணுங்கள். பிறகு, தொழில் தெரிந்தவர் வரவும் பிள்ளைகள் அவரிடம் கற்கவும் ஒரு வழியைத் திறந்துவிடுங்கள். இன்னொரு அறிவிப்புக்காக எங்கள் பட்டறைகள் காத்திருக்க முடியாது.