காக்கையும் பனம்பழமும்

கடுங்குளிரில் மின்தடையை முற்றும் இழக்கும் மீக்கடத்திகளுள் மரபுக்கு மாறானவை யாவும் தற்செயலாய் அகப்பட்டவை என்றும், சித்தாந்தத்தின் கைவிளக்கின்றிக் கண்ட பொருள்களையெல்லாம் அரைத்துச் சுட்டுப் பார்த்தவர்களுக்குக் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததுபோல் அவை வாய்த்தன என்றும், காரணம் முழுதும் விளங்காதவரையில் அப்பரிசோதனைகளால் அறிவு விளைந்ததாகக் கொள்ள இயலாது என்றும் ஒரு கருத்து படித்தவர்களிடையே நிலவி வருகிறது. அதை என்னால் ஒப்ப முடியவில்லை.

தற்செயலுக்குச் சான்றாக அவர்கள் காட்டுவது, 1986இல் ஜூரிச்சுக்கு அருகே இயற்பியலாளர்களான பெட்நோர்ட்ஸும் முல்லரும் மீக்கடத்தியெனக் கண்ட லாந்தனம்-பேரியம்-செம்பு ஆக்சைடு. ஆனால், படிகத்தில் அணுக்களின் அமைப்பைத் திரியச் செய்யும் ஒரு விளைவு எலெக்ட்ரான்களை வலுவாகப் பிணைக்கக்கூடும் என்ற அனுமானத்தோடு 1983 முதல் நிக்கல் ஆக்சைடுகளில் பிரயத்தனப்பட்டு, பலன் காணாது, பின்னரே அவர்கள் செம்பின் பக்கம் திரும்பினார்கள். பிரான்சின் கான் நகரத்து ரசாயனிகள் அவ்வகைப் பொருளை முன்னரே ஆக்கியிருந்தும், அதைக் கடுங்குளிருக்குக் கொண்டுசென்று அளக்கவில்லை. அவர்களது கட்டுரையைப் படித்த பெட்நோர்ட்ஸ் அளந்தார். பனம்பழம் விழுந்த இடம் ஒன்று. குனிந்து எடுத்த கை வேறு.

இன்னும் தெளிவான உதாரணம் 1979இல் ஜெர்மானியரான பிராங்க் ஸ்டெக்லிச்சும் அவர்தம் தோழர்களும் சீரியம்-செம்பு-சிலிக்கன் சேர்மத்தில் கண்டது. காந்தத்தன்மை வாய்ந்த அணு மீக்கடத்துதிறனுக்கு விஷம் என்பது அந்நாளைய சர்வசம்மதமான கொள்கை. சீரியமோ அப்படிப்பட்ட அணு. ஆகவே, சுமார் அரை கெல்வினில் மின்தடை மறைந்தபோது, அது ஏதோ ஓர் அசுத்தத்தின் வேலை என்று பலரும் ஐயுற்றனர். வெப்பக் கொள்ளளவில் அந்த உஷ்ணநிலையில் எழுந்த பெருந்தாவலே அதற்கு விடையாயிற்று: சிறிதளவு அசுத்தத்தால் அத்தனை பெரிய தாவல் எழாது, பொருள் முழுவதிலும் உள்ள கனத்த எலெக்ட்ரான்களே ஜோடி சேர்ந்தாலன்றி அது நிகழாது. சீரியத்தின் இடத்தில் காந்தமற்ற லாந்தனத்தை வைத்தாலோ மீக்கடத்துதிறன் காணப்படவில்லை. இதற்கு முன்பே, 1975இல், அமெரிக்க ஆய்வாளர் சிலர் யுரேனிய-பெரிலியச் சேர்மமொன்றில் மீக்கடத்து நிலையைக் கண்ணால் கண்டும், கலந்திருந்த யுரேனிய இழைகளே காரணம் என்று ஒதுக்கிவிட்டனர். அச்சேர்மமே மீக்கடத்தி என்று 1983இல் நிலைநாட்டப்பட்டது. அதிர்ஷ்டம் அவர்கள் வாசலுக்கும் வந்தது. அவர்கள் கையிலிருந்த கொள்கையே அதை வெளியில் நிறுத்திற்று.

காரணம் விளங்காததால் அறிவில்லை என்ற ஆட்சேபத்துக்கு 1994ஆம் ஆண்டுப் பரிசோதனை ஒன்றே போதும். ட்சூயியும் கிர்ட்லியும், திசை மாறிய மூன்று படிகங்கள் கூடும் புள்ளியைச் சுற்றி இட்ரியம்-பேரியம்-செம்பு ஆக்சைடாலான நுண்வளையம் ஒன்றை அமைத்து, அதில் காந்தப்பாயம் தன் அடிப்படை அலகின் சரிபாதி அளவில் தானாகவே தோன்றுவதைக் கண்டார்கள். தொண்ணூறு பாகை திரும்பினால் எலெக்ட்ரான் ஜோடியின் அலை குறிமாறுகிறது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான நிரூபணம் வேண்டுமா? ஜோடி எதனால் பிணைகிறது என்ற வினாவுக்கு முடிந்த விடை வராமலே, அதன் வடிவம் நமக்குத் தெரிந்துவிட்டது.

நேற்றுச் சொன்னதை இன்று மாற்றும் துறையை எப்படி நம்புவது என்பாரும் உளர். மாயேனோ குழுவினர் 1994இல் கண்ட ஸ்ட்ரான்சியம் ருத்தேனேட்டில், மீக்கடத்து நிலையிலும் எலெக்ட்ரான்களின் காந்தப் பதில் குறையவில்லை என்று 1998இல் அறிவிக்கப்பட்டமையால், ஜோடியின் தற்சுழற்சிகள் இரண்டும் ஒருதிசை நோக்கியவை என்று இருபதாண்டுகள் நம்பினோம். 2019இல் கலிபோர்னியாவில் மீண்டும் அளந்தவர்கள், அளப்பதற்காகச் செலுத்திய ரேடியோத் துடிப்புகளே மாதிரியைச் சூடாக்கி அந்நிலையைக் கலைத்திருக்கின்றன என்று கண்டார்கள். துடிப்பை மெலிதாக்கியவுடன் பதில் குறைந்தது. முதல் அளவையைச் செய்த ஜப்பானியக் குழுவினரே பின்னர் அப்பரிசோதனையைத் திரும்பச் செய்து, அம்முடிவை உறுதிப்படுத்தித் தம் பெயரிலேயே வெளியிட்டார்கள்.