மூட்டையின் விலைக்கு முன் புரதத்தைப் பாருங்கள்

மீன் வளர்ப்பில் முதல் போட்டிருப்பவர்களிடம் பேசினால், முதலாவது முறைப்பாடு தீன் விலைதான். அது நியாயமானதே. தொட்டியிலோ கூட்டிலோ தீன் போட்டு வளர்க்கும்போது, செலவில் பெரும்பங்கு தீனுக்கே போகிறது. ஆனால் விலை மலிந்த மூட்டையைத் தேடிப் பிடிப்பது சிக்கனமல்ல என்பதே என் கருத்து. குஞ்சுப் பருவத்தில் அது நேரடி நட்டம்.

காரணம் எளிது. மீன் குஞ்சு சில நாட்களிலேயே தன் எடையை இரட்டிப்பாக்கும். அந்தத் தசையை உண்டாக்கப் புரதம் வேண்டும். போதாக்குறைக்கு, மாடு, கோழி போல மாப்பொருளிலிருந்து மீன் அவ்வளவு சக்தி பெறுவதில்லை. சக்திக்காகவும் அது புரதத்தையே எரிக்கிறது. ஒரு கிராமுக்கும் குறைவான திலாப்பியாக் குஞ்சுக்குத் தீனில் ஏறக்குறைய 40 சதவீதப் புரதம் தேவை. விரலளவு வந்ததும் 35 போதும். வளர்ந்த மீனுக்கு 28 முதல் 30. ஊனுண்ணியான கொடுவாக் குஞ்சுக்கோ 45க்கும் மேல் வேண்டும்.

இப்போது நம் கைவசம் உள்ளதைப் பாருங்கள். தேங்காய்ப் புண்ணாக்கில் சுமார் 20 சதவீதம், தவிட்டில் 15க்கும் குறைவு, கோழிக்குஞ்சுத் தீனில் 22 அளவு. இவற்றை எந்த அளவில் கலந்தாலும் 40 வராது. மீன் தூளோ சோயாவோ சேர்ந்தே ஆக வேண்டும். பச்சை நிறம் பிடித்த மண் குளத்தில் நுண்ணுயிர்களைத் தின்று குஞ்சு ஓரளவு சமாளிக்கும். சீமெந்துத் தொட்டியில் அதற்கு வழியில்லை. அங்கே வளர்ச்சி குன்றும், பருமன் ஏறுமாறாகும், பெரியது சிறியதைத் தின்னும்.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கிலோ 300 ரூபாத் தீனில் 2 கிலோ தின்று ஒரு கிலோ கூடும் மீனுக்குச் செலவு 600 ரூபா. 400 ரூபாத் தீனில் 1.4 கிலோ போதுமென்றால் 560 ரூபா. விற்பனைக்கு முந்தி வருவது தனி இலாபம்.

அதற்காக வளர்ந்த மீனுக்கும் குஞ்சுத் தீனையே போடுவது வீண். மிஞ்சிய புரதம் அமோனியாவாக வெளியேறித் தண்ணீரைக் கெடுக்கும்.

விற்பவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. பெரிய மூட்டையை உடைத்துச் சிறு பைகளில் விற்கும்போது புரத அளவும் காலாவதித் திகதியும் மூட்டையோடு போய்விடுகின்றன. அவற்றை ஒரு துண்டில் எழுதி ஒட்டுவதற்குச் செலவில்லை. 'உங்கள் மீன் எவ்வளவு பெரிது?' என்று கேட்டுத் தீன் கொடுக்கும் கடைக்கு வாடிக்கையாளர் திரும்பி வருவார். குஞ்சு செத்தவர் அடுத்த மூட்டை வாங்க மாட்டார். வாங்குபவரும் விலையைக் கேட்கும் முன் புரதம் எத்தனை சதவீதம் என்று கேட்கப் பழக வேண்டும்.