ஒரு நாள்தானே!

“ஒரு நாள்தானே தம்பி, நாளைக்கு அனுப்பிடுறேன்.”

நம் கழகம் நடத்தும் துணைப்பாட வகுப்பில் இரண்டு ஆண்டுகளாகக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். இந்தச் சொற்களை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொல்பவர்கள் பொறுப்பற்ற பெற்றோர் அல்லர். பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அங்கு வரும் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மனக்கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் பின்னக் கணக்கு என்றால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவான். காரணத்தை அறிய எனக்குப் பல வாரங்கள் பிடித்தன. பெரும்பாலான திங்கட்கிழமைகளில் அவன் பள்ளிக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை திருமணம், கோயில் திருவிழா என்று வெளியூர் போகும் குடும்பம் நள்ளிரவில்தான் வீடு திரும்பும். அசந்து தூங்கும் மகனை எழுப்ப அம்மாவுக்கு மனம் வராது. செவ்வாய்க்கிழமை அவன் வகுப்பில் உட்காரும்போது பாடம் ஒரு படி மேலே போயிருக்கும். புரியவில்லை என்று கேட்க வெட்கம். அந்த வெட்கமே பிறகு செவ்வாய்க்கிழமையும் வயிற்று வலியைக் கொண்டுவரும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 190 பள்ளி நாள்கள். வாரத்துக்கு ஒரு நாள் வராத பிள்ளை ஆண்டுக்கு 38 நாள்களை இழக்கிறது. ஆரம்பப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் 228 நாள்கள்! அதாவது ஆறு ஆண்டுகள் படித்ததாக நாம் நினைக்கும் பிள்ளை உண்மையில் ஐந்து ஆண்டுகூட முழுதாகப் படிக்கவில்லை. சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டும் பொருந்தும் பழமொழியா என்ன?

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டில் நிற்காவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும் என்பார். காய்ச்சலோடும் பெரட்டுக்குப் போயிருக்கிறார். ஆனால் அவர் பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. பள்ளி இல்லாமல் அல்ல. ஏழு முதல் பதினான்கு வயதுவரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே சொன்னது. பாட்டியின் தோட்டத்திலும் பள்ளி இருந்தது. கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்ள “இன்னைக்கு ஒரு நாள் வீட்டில இரு” என்றார்களாம். அந்த ஒரு நாள் முடியவே இல்லை.

2003 முதல் ஆரம்பக் கல்வி நம் நாட்டில் கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளிவரை அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்கலாம். தொடர்ந்து வராத மாணவர் வீட்டுக்குப் பள்ளி எச்சரிக்கைக் கடிதம் அனுப்புகிறது. நல்லதுதான். ஆனால் சட்டம் பெயரைப் பதிய வைக்கும். காலையில் பிள்ளையை எழுப்பிவிடாது. வாரம் ஒரு நாள் நழுவும் பிள்ளைக்குச் சிறைக்கதவு தீர்வும் ஆகாது.

உடல்நலம் குன்றிய பிள்ளையை அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. வறுமையையும் மறக்கவில்லை. வேன் கட்டணம் கட்ட முடியாத மாதம், காலணி கிழிந்த வாரம், இரவு வேலை முடிந்து அப்பா திரும்பாத காலை இவையெல்லாம் உண்மையான தடைகள். அவற்றை அறிவுரையால் நீக்க முடியாது. உதவியால்தான் நீக்க முடியும்.

இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது, நண்பர்களே. துணைப்பாட வகுப்பில் நாம் இதுவரை கேட்ட முதல் கேள்வி, “வீட்டுப்பாடம் முடிச்சாச்சா?” இனி, “இந்த வாரம் எத்தனை நாள் பள்ளிக்குப் போனாய்?” என்று கேட்போம். வராத நாளின் பாடத்தைத் தனியே உட்கார்ந்து சொல்லிக் கொடுப்போம். தவறவிட்ட பாடம் புரிந்துவிட்டால் மறுநாள் வகுப்புக்குப் போக அந்தப் பிள்ளை தயங்காது. பணியில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையின் வேன் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளலாம். பெற்றோரிடம் பேசும்போது குற்றம் சாட்டாமல், மேலே உள்ள கணக்கை மட்டும் போட்டுக் காட்டுங்கள்.

அந்த மாணவனின் அம்மாவிடம் நான் அதைத்தான் செய்தேன். தாளையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்வளவு நாளா தம்பி?” என்றார். அடுத்த திங்கட்கிழமை அவன் பள்ளிக்குப் போனான். அதற்கடுத்த திங்களும் போனான். பின்னம் இன்னும் முழுதாக வசப்படவில்லை. ஆனால் பென்சிலைக் கீழே வைப்பதில்லை.

கூலிக்காக ஒரு நாள்கூடப் பெரட்டைத் தவறவிடாத சமுதாயம் நம்முடையது. அந்த ஒழுங்கைப் பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டிலும் கொண்டுவர நம்மால் முடியாதா?