மூக்குக் கண்ணாடிக்குள் காமிரா!

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் விமானப்படை நிலையம் இருக்கிறது. ராணுவ இடங்களைப் படம் பிடிக்கக் கூடாது என்பது அந்த வட்டாரத்துச் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். 1923-ம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டம் அதைத் தடுக்கிறது.

கையில் காமிரா இருந்தால் காவலர் கண்டுபிடித்து விடுவார். அது மூக்குக் கண்ணாடிக்குள் இருந்தால்?

அப்படிப்பட்ட கண்ணாடி வந்து விட்டது. 2025-ம் ஆண்டு மே மாதம் "ரே-பான் மெட்டா" கண்ணாடி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. ஆரம்ப விலை ரூ.29,900. பார்வைக்குச் சாதாரணக் கண்ணாடிதான். ஆனால் அதன் ஓரத்தில் உள்ள சின்னஞ்சிறு காமிரா, எதிரே நிற்பவரைப் படம் பிடிக்கும்.

பயம் ஏன்?

2024-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் ஒரு சோதனை செய்தார்கள். இந்தக் கண்ணாடியால் முன்பின் தெரியாதவர்களைப் படம் எடுத்தார்கள். முகத்தை வைத்தே பெயரையும் விலாசத்தையும் கண்டுபிடித்தார்கள். உலகத்தை எச்சரிக்கவே இப்படிச் செய்ததாகச் சொன்னார்கள்.

படம் எடுக்கும்போது கண்ணாடியில் சிறு விளக்கு எரியும். பட்டப்பகல் வெயிலில் அது யார் கண்ணில் படும்? பட்டாலும், அதன் பொருள் எத்தனை பேருக்குத் தெரியும்?

பார்வையற்றவருக்குத் துணை

"அப்படியானால் தடை செய்து விடலாமே!" என்று தோன்றும். அவசரம் கூடாது.

பார்வையற்றவருக்கு ஒரு கையில் கோல் வேண்டும். மறு கையில் பையோ குழந்தையோ இருக்கும். செல்போனை எந்தக் கையில் பிடிப்பார்? காமிராக் கண்ணாடி இருந்தால் கை மிச்சம். கடைப் பலகையையும் மருந்துச் சீட்டையும் அது படித்துச் சொல்லும். யார் தயவும் இன்றி அவர் வெளியே போய் வரலாம்.

சட்டம் சொல்வது

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ல் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு அதற்கு ஆதாரம். டிஜிட்டல் வசதிகள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்ட வேண்டும் என்று 2025 ஏப்ரல் 30-ல் அதே கோர்ட்டு கூறியது. அதற்கும் ஆதாரம் அதே 21-வது பிரிவுதான்!

இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றுக்காக மற்றொன்றைக் கொல்லக் கூடாது.

ஆனால் சட்டத்தில் ஓட்டை இருக்கிறது. 2023-ம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் சொந்த உபயோகத்துக்கு எடுத்து வைக்கும் விவரங்களுக்குப் பொருந்தாது. தெருவில் போகும் பெண்ணைப் படம் பிடித்து வைத்துக் கொண்டு, "என் சொந்த உபயோகத்துக்கு" என்று ஒருவன் சொன்னால் என்ன செய்வது?

வழி என்ன?

பார்ப்பது வேறு, பதிவு செய்து வைப்பது வேறு. பலகையைப் படித்துச் சொல்ல, படத்தைச் சேமித்து வைக்கத் தேவையில்லை. படித்ததும் அழிந்து விடும்படி கண்ணாடியைச் செய்ய வேண்டும். சேமித்தால் பளிச்சென்று விளக்கு எரிய வேண்டும்; ஓசையும் கேட்க வேண்டும். சம்மதம் தராதவரின் பெயரைக் கண்ணாடி சொல்லக் கூடாது. இவற்றைச் சர்க்கார் கட்டாயமாக்க வேண்டும்.

மக்களுக்கும் பொறுப்பு உண்டு. பள்ளி, மருத்துவமனை, உடை மாற்றும் இடம் ஆகியவற்றில் மற்றவர்கள் இந்தக் கண்ணாடியைக் கழற்றி வைப்பதே மரியாதை. ஆனால் வெள்ளைக் கோலுடன் வருபவரிடம், "கழற்று!" என்று அதட்டக் கூடாது. "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்க வேண்டும்.

ராணுவச் சுவருக்கு உள்ள பாதுகாப்பு, சாதாரண மனிதனின் முகத்துக்கும் வேண்டும். பார்வை இல்லாதவருக்கு வழியும் வேண்டும். இரண்டையும் தருவதே நல்ல சட்டம்.