மிஞ்சிய துணியில் ஒரு பிடிதுணி

ரவிக்கை தைத்து மிஞ்சிய வெட்டுத்துணிகள் பல வீடுகளில் பை நிறையக் கிடக்கும். சூடான பாத்திரம் பிடிக்க அவற்றிலேயே அழகாக ஒரு பிடிதுணி தைக்கலாம். ஆனால், எல்லாத் துணியும் ஆகாது. பாலியெஸ்டர், நைலான் கலந்தவை சூட்டில் உருகி விரலில் ஒட்டிக்கொள்ளும். சந்தேகமா? ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். செயற்கை இழை சுருண்டு கெட்டி மணியாகும்.

பருத்தித் துண்டுகளை ஒட்டுப்போட்டு 20 செ.மீ. சதுரம் இரண்டு தயார் செய்யுங்கள். நல்ல பக்கங்கள் உள்ளே இருக்க ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மேலே பழைய பருத்தி டர்க்கி டவலை இரண்டாக மடித்து வையுங்கள். நான்கு விரல் இடம் விட்டுச் சுற்றிலும் தைத்து, அதன் வழியே புரட்டி, வாயை மூடுங்கள். குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டினால் டவல் உள்ளே சுருளாது. மூலையில் மாட்ட ஒரு சின்னக் காது.

லேஸ், குஞ்சம் வேண்டாம். அடுப்புத் தீ முதலில் பிடிப்பது அதைத்தான். அழகுக்குத் துணியின் நிறங்களே போதும். ஈரமான பிடிதுணியால் பாத்திரத்தைத் தொடாதீர்கள், சூடு சட்டெனக் கைக்கு ஏறிவிடும்.